சொல்லாமல் விட்டால்தான் டீஃபால்ட்

கோயம்புத்தூரில், தண்ணீர் பம்ப் பழுதுப் புகார்களைப் பதியும் மென்பொருள் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். தகவல்களைச் சேமிக்க போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், மேலே ஜாவாவில் எழுதிய புரோகிராம். ஒருநாள் புகார் டேபிளில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, டீஃபால்ட்டாக, அதாவது மதிப்பைச் சொல்லாமல் விட்டால் தானாக விழும் மதிப்பாக, 'ஓபன்' வைத்தேன். ஜாவா கிளாஸிலும் அதற்கு ஒரு ஃபீல்ட். பிறகு டேட்டாபேஸிலேயே கையால் ஒரு இன்சர்ட் (புதுப் பதிவைச் சேர்க்கும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். நிலையைக் குறிப்பிடவே இல்லை. 'ஓபன்' தானாக வந்து உட்கார்ந்தது. சரி என்று அன்று இரவே லைவில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் மதியம் புகார் பதியும் அக்காவிடமிருந்து போன். "தம்பி, காலையிலிருந்து பதிஞ்சது ஒண்ணுகூட மெக்கானிக் லிஸ்டுல வரலையே. புகார் நம்பர் மட்டும் ஒழுங்கா வருது."

டேபிளில் பதிவுகள் எல்லாம் இருந்தன. நிலை மட்டும் காலி. லாக்கைத் திறந்து, ஹைபர்னேட் அனுப்பிய இன்சர்ட்டைப் படித்தேன். ஜாவாவுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருந்து கட்டளைகளை எழுதி அனுப்பும் கருவி அது. எல்லா நெடுவரிசைகளின் பெயரும் அந்த இன்சர்ட்டில் இருந்தன, நிலைக்கு நேராக 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. நான் மதிப்பு கொடுக்காத ஃபீல்டை ஹைபர்னேட் விட்டுவிடவில்லை, 'நல்' என்று எழுதியே அனுப்பியிருக்கிறது. நெடுவரிசையின் பேச்சையே எடுக்காமல் விட்டால்தான் டீஃபால்ட் வரும், அல்லது மதிப்பின் இடத்தில் டீஃபால்ட் என்ற சொல்லையே எழுத வேண்டும். 'நல்' என்று எழுதிவிட்டால், காலியாக வை என்று நாமே கேட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்கிறது. ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸில், 12சி பதிப்பிலிருந்து, 'நல்' வந்தாலும் டீஃபால்ட்டைப் போடச் சொல்லும் வசதி உண்டு. போஸ்ட்கிரஸில் அதற்கு, பதிவு சேரும்போது தானாக ஓடும் டிரிக்கர்தான் எழுத வேண்டும்.

மெக்கானிக் லிஸ்டின் கேள்வி, 'முடிந்தது' அல்லாத புகார்களைக் கொடு என்பது. காலியாக இருப்பது 'முடிந்தது' இல்லைதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்-இல் 'நல்'லை எதோடு ஒப்பிட்டாலும் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. அதனால் அந்தப் பதிவுகள் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன.

எனக்கு இன்னும் உறுத்துவது, அந்த நெடுவரிசைக்கு 'நாட் நல்', அதாவது காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, போடாமல் விட்டதுதான். போட்டிருந்தால் காலையில் முதல் புகாரிலேயே எரர் வந்திருக்கும், அக்கா எட்டரை மணிக்கே கூப்பிட்டிருப்பார். அன்று காலியான பதிவுகளை அப்டேட் செய்து, 'நாட் நல்' சேர்த்து, ஜாவாவிலும் தொடக்க மதிப்பைக் கொடுத்தேன்.

லிஸ்ட் நிரம்பியதும் அக்கா ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார். காலையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் காத்திருந்தவர்கள் அவர்கள்.