பழைய புல்லட்டில் பெட்ரோல் கசிவும் ஸ்டார்ட்டிங் சிக்கலும்: காரணம் தேடிய குறிப்புகள்

நெடுங்காலம் ஓடாமல் நின்றிருந்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 ஒன்றைச் சாலைக்குத் தயார் செய்யும் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்ட நிலையில், இரண்டு தொல்லைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் சொட்டியது. ஓட்டி வந்து அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து உதைத்தால் ஸ்டார்ட் ஆக மறுத்தது. குளிர்ந்த எஞ்சின் காலையில் தயங்காமல் ஸ்டார்ட் ஆனது. இப்படிப்பட்ட வண்டி கைக்கு வந்தால் டேப் (தொட்டியிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), கார்புரேட்டர், காயில் (தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தருவது), பிளக் என்று வரிசையாகப் புதிது வாங்கி மாட்டிப் பார்ப்பது பரவலான வழக்கம். பணம் செலவாவது ஒருபுறமிருக்க, எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது என்பதுதான் அந்த வழியில் எனக்குள்ள மனக்குறை. ஆகவே, எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்பாக, எப்போது சொட்டுகிறது, எப்போது ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

1955 முதல் சென்னையில் உருவாகிவந்த இந்த வண்டியின் 346 சிசி எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். நீண்ட ஓட்டமும் கனமான ஃப்ளைவீலும் உள்ள எஞ்சின் என்பதால், பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்து, தீப்பொறி சரியான நேரத்தில் வந்தால், முரட்டுத்தனம் இல்லாத ஒரு முழு உதையே போதும். கால் வலிக்க உதைக்க வேண்டியிருந்தால் அதை இந்த வண்டியின் குணம் என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. எங்கோ கோளாறு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வேலையை மூடிய அறையில் செய்யவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து சென்று, சற்றுத் தள்ளியிருக்கும் அடுப்பிலோ சுவிட்சிலோ தீப்பற்றக்கூடியது. கசிவு தேடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்தவெளியில் வண்டியை நிறுத்தினேன்.

பெட்ரோல் கசிவைத் தேடுவதில் உள்ள சிரமம், அது சொட்டும் இடம் ஒன்றாகவும் கிளம்பும் இடம் வேறாகவும் இருப்பதுதான். டேப்பில் கசியும் பெட்ரோல் குழாயின் வெளிப்புறமாகவே வழிந்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைச் சுற்றி இறங்கி, அதன் கடைசித் திருகில் வந்து சொட்டும். பார்ப்பவர்கள் கிண்ணத்து கேஸ்கட்டைத்தான் சந்தேகிப்பார்கள். எனவே முதலில் டேப், குழாய், கார்புரேட்டர், அதன் கீழுள்ள எஞ்சின் பகுதி எல்லாவற்றையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லிய தூரிகையால் மேலே தூவினேன். டேப்பை மூடி வைத்திருந்தவரை பவுடர் வெள்ளையாகவே இருந்தது. டேப்பைத் திறந்ததும், அதன் நெம்புகோல் உடலுக்குள் நுழையும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சாம்பல் நிற ஈரப்புள்ளி தோன்றி, மெதுவாகக் கீழ்நோக்கி ஒரு கோடாக நீண்டது. அது குழாய்க் கவ்வியை எட்டுவதற்குள்ளாகவே கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து தனியாக ஒரு சொட்டு விழுந்தது. ஆக, இருந்தது ஒரு கசிவன்று, இரண்டு. ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றை விட்டிருந்தால், செய்த வேலையே வீண் என்று தோன்றியிருக்கும்.

டேப்பின் கசிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளிருக்கும் வாஷர் நாளாக ஆகக் காய்ந்து சுருங்கிவிடுகிறது. பெட்ரோலில் ஊறினால் சற்று உப்பி அடைத்துக்கொள்வதும், காய்ந்தால் மீண்டும் கசிவதும் உண்டு. தொட்டியை வடித்துவிட்டு டேப்பைக் கழற்றியபோது, ரிசர்வ் பக்கத்து வடிகட்டி வலையில் துருத்தூள் செம்மண்ணைப் போல் படிந்திருந்தது. அந்தத் தூள்தான் அடுத்த கசிவுக்கும் துப்பு கொடுத்தது.

கார்புரேட்டர் 24 மில்லிமீட்டர் துளையுள்ள ஸ்லைடு வகை. கிண்ணத்தில் பெட்ரோல் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் மிதவை மேலெழும்பி, கூம்பு முனையுள்ள ஒரு சிறு ஊசியை அதன் இருக்கையில் அழுத்திப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். கார்புரேட்டரின் மற்ற எல்லா வேலைகளும் இந்த மட்டத்தை நம்பியே நடக்கின்றன. மட்டம் கூடினால் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே சொட்டுவதோடு, ஜெட்டுகள் எனும் நுண்துளைகள் வழியாக உள்ளேயும் தேவைக்கு மிஞ்சிய பெட்ரோல் போகும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் மட்டும் சொட்டுகிறதா, நடு ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும்போதும் சொட்டுகிறதா என்று பார்ப்பது இங்கே மிகவும் பயன்படும். சாய்வில் மட்டும் சொட்டினால் மட்டம் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும், அது அளவு சரிசெய்யும் வேலை. நிமிர்ந்து நிற்கும்போதும் நிற்காமல் சொட்டினால் ஊசி அடைக்கவே இல்லை என்று பொருள். என் வண்டியில் இரண்டாவதுதான் நடந்தது.

கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் எடை ஊசியை அழுத்தும்படி வைத்துக்கொண்டு, பெட்ரோல் நுழையும் முனையில் சுத்தமான குழாயை மாட்டி மெதுவாக ஊதிப் பார்த்தேன். காற்று தடையில்லாமல் போனது. ஊசியை வெளியே எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தபோது, அதன் ரப்பர் கூம்பில் இருக்கை பதிந்த இடம் ஒரு மெல்லிய வளையப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. பள்ளத்துக்குள் அதே செந்தூள் ஒட்டியிருந்தது. இருக்கையையும் விட்டுவிடக் கூடாது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் பித்தளைப் பாலிஷைத் தொட்டு, விரல்களுக்கிடையே உருட்டி இருக்கையைத் துலக்கி, பெட்ரோலில் கழுவிய பிறகுதான் புதிய ஊசியைப் போட்டேன். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன்; உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும், அப்படி எதுவும் இல்லை. மறுபடி ஊதியபோது காற்று நின்றது.

ஊசி அடைக்காத வண்டியில் டேப்பைத் திறந்தபடி இரவு முழுவதும் விட்டால், பெட்ரோல் இன்லெட் வழியாகச் சிலிண்டருக்குள்ளும் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடலாம். அதனால் ஆயில் அளவுகோலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டவே கூடாது, மெலிந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. நல்லவேளையாக வாடை இல்லை.

ரப்பர் பாகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. இவ்வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படியொரு எரிபொருளை யாரும் நினைத்திருக்க முடியாது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நெடுநாள் தேங்கினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். துருப்பிடித்தலுக்கு அது வசதி. வடித்த பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் அசையாமல் வைத்தாலே அடியிலுள்ள தனிப் படலம் கண்ணுக்குத் தெரியும். பழைய குழாய்களும் கேஸ்கட்டுகளும் இந்தப் பெட்ரோலில் உப்பியோ இறுகியோ போகின்றன. ஆதலால் பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றினேன். அடிக்கடி ஓட்டாத வண்டியில் டேப்பை மூடிவிட்டுக் கிண்ணத்துப் பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதில் பிசின் படிந்தால் எஞ்சின் ஐடிலிங்கில் நிலைக்காமல் அணைந்துவிடும். இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும் என்பதால் நைலான் தூரிகையின் ஒற்றை இழையைக் கொண்டே சுத்தம் செய்தேன்.

இரு கசிவுகளும் நின்றன. சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுப்பது மட்டும் குறைந்ததே தவிர, முழுவதும் போகவில்லை. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், "தம்பி, எதையும் பிரிக்காதீங்க, மறுக்கிற நேரத்துலயே பிளக்கைக் கழட்டி மோந்து பாருங்க. ஈரமா இருந்தா கார்புரேட்டர், காஞ்சிருந்தா வேற" என்றார். முன்பு கசிந்த காலத்தில் கழற்றிய பிளக் கறுத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. இப்போது கழற்றியது காய்ந்து, நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது. ஒரே மாதிரித் தெரிந்த கோளாற்றுக்கு இரண்டு காரணங்கள் இருந்திருக்கின்றன. முதலாவது விலகியதும் இரண்டாவது வெளிப்பட்டது.

இந்த வண்டியில் பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள்) இருப்பதால், கோளாறு தேடும் கருவி ஹெட்லைட் உறையிலேயே இருக்கிறது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாகக் கையாலோ காலாலோ அழுத்தி எஞ்சினைச் சுற்றினால், பாயின்ட் மூடியிருக்கும்போது காயில் மின்சாரம் இழுப்பதால் ஆம்பியர் மீட்டரின் முள் கழித்தல் பக்கம் சாயும். பாயின்ட் திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லை என்றால் பாயின்ட் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது காயிலுக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். முள் சாய்ந்தபடியே நின்றுவிட்டால் பாயின்ட் திறக்கவில்லை. ஸ்டார்ட் செய்வதற்கும் இதே முள்தான் வழிகாட்டி: கம்ப்ரஷன் கடினமாகும் இடத்தில் முள் நடுவுக்கு வந்ததும், சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷரை இழுத்துக்கொண்டு கிக்கரை இம்மி அளவு கூடுதலாக நகர்த்தி, டீகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு அடிவரை உதைக்க வேண்டும்.

என் வண்டியில் முள் ஒழுங்காகவே ஆடியது. எனவே பாயின்ட் திறந்து மூடுகிறது, காயிலுக்கும் மின்சாரம் போகிறது. பிளக்கைக் கழற்றி மூடியில் செருகி, சிலிண்டர் துளைக்குத் தள்ளி எஞ்சினின் இரும்பில் ஒட்டவைத்து உதைத்துப் பார்த்தேன். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறும் என்பதால் பிளக்கை அதன் அருகில் பிடிக்கவே கூடாது. குளிர்ந்தபோது தீப்பொறி நீலமாகவும் சத்தத்தோடும் தாவியது. ஓட்டிவந்து சூடானதும் அதே பொறி மஞ்சளாக மெலிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவிட்டு மாலை மங்கிய வெளிச்சத்தில் உதைத்தபோது, பிளக்கில் வரவேண்டிய பொறி பாயின்ட் முனைகளுக்கிடையே பளிச்சிட்டது. அங்கே பொறி பரவாமல் தடுப்பது கண்டென்சரின் வேலை. பாயின்ட் முனைகளில் ஒன்று மேடாகவும் மற்றது குழியாகவும் அரித்துப் போயிருந்ததும் அதையே உறுதிப்படுத்தியது.

அப்படியே கண்டென்சரை மாற்றிவிடாமல், நல்ல நிலையிலுள்ள ஒன்றைக் கிளிப் வைத்து வெளியே இணைத்து, பழையதன் கம்பியை விலக்கி, சூடான எஞ்சினை உதைத்துப் பார்த்தேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. பாயின்ட் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் சமன்செய்து, தூள் தங்காமல் இருக்கப் புதிய அட்டைத் துண்டை இடையே இழுத்துத் துடைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.38 மில்லிமீட்டருக்கு வைத்தேன். இந்த வண்டிக்கு 0.35-இலிருந்து 0.40 வரை ஏற்புடையது.

தொட்டி மூடியையும் பார்த்து வைத்தேன். அதிலுள்ள காற்றுத் துளை அடைத்தால் பெட்ரோல் இறங்காமல் வண்டி சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தவுடன் காற்று உள்ளே இழுபடும் ஒலி கேட்பதே அதற்கு அடையாளம். மாறாக, மூடியோரம் ஈரமாக இருந்தால் உடனே கேஸ்கட்டைக் குறை சொல்ல வேண்டாம், 14.5 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பி வெயிலில் நிறுத்தி, பெட்ரோலின் வெப்பம் 15 டிகிரி கூடினால், ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் விரிவடைந்து வெளியேற வழி தேடும். கழுத்துக்குக் கீழேயே நிரப்புதலை நிறுத்திவிட்டால் இது வராது.

இனி மிஞ்சியிருப்பது டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம். வேகம் கூடும்போது அந்த நேரத்தை முன்னே நகர்த்தும் அட்வான்ஸ் எடைகள் முழுமையாகச் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும் என்பதால் இதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தேன். எடைகளை இழுக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருப்பதாகத் தெரிகிறது. புதிய ஜோடி வந்ததும் அதை மாட்டி, மெல்லிய தாளைப் பாயின்ட்டுக்கிடையே செருகி அது விடுபடும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கார்புரேட்டரில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் தொடுவதாக இருக்கிறேன்.