பேச மட்டும் ஒரு ரீசார்ஜ்

"பேச மட்டும் போட்டு விடு தம்பி, நெட்டு வேணாம்." ரீசார்ஜ் கடையில் பட்டன் போனை நீட்டினார் ஒரு பாட்டி.

"அது குறைஞ்சது 84 நாளுக்குப் போடணும் பாட்டி. நானூத்திச் சொச்சம் ஆகும்."

சுருக்குப்பையில் இருந்தது இருநூறு ரூபாய். கடைசியில் டேட்டாவோடு சேர்ந்த 28 நாள் பேக்தான் போட்டார். அந்தப் போனில் நெட்டே வராது.

2016-ல் ஜியோ வந்ததும் விலை சரிந்தது, கொண்டாடினோம். 2018-ல் ஏர்செல் கம்பெனி மூடிப் போனது. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம், சரி. மாறி எங்கே போவது?

டேட்டா இல்லாத திட்டமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன பிறகுதான் இதுவே வந்தது. அதை ஒரு மாதத்துக்கும் தரச் சொல்லி டிராய் கட்டாயப்படுத்த வேண்டும்.