பிராக்கில் கிறிஸ்துமஸ் என்றால் கெண்டை மீன்

குளிர்காலத்தில் எந்த ஊருக்குப் போகலாம் என்று யார் கேட்டாலும் நான் செக் நாட்டின் தலைநகரான பிராக் என்றுதான் சொல்வேன். பனி கொட்டும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். டிசம்பர் கடைசியில் அங்கே பாதி நாள் ஈரமும் சாம்பல் நிற வானமுமாகத்தான் இருக்கும். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை அழகுதான். உயர்ந்த மரம், விளக்குகள், 1410-லிருந்து சுவரில் இருக்கும் வானியல் கடிகாரம், கிராம்பும் பட்டையும் போட்டுச் சுடவைத்த ஒயின். ஆனால் நகரவும் இடமில்லாத கூட்டம், எல்லாம் யானை விலை. 'பழைய பொஹீமிய இனிப்பு' (பொஹீமியா என்பது பிராக் இருக்கும் பகுதியின் பழைய பெயர்) என்று சுட்டு விற்கும் திர்டெல்னிக் அந்த ஊரின் பழைய பண்டமே இல்லை. சுற்றுலாக்காரர்களை நம்பிப் பரவியது. ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

நான் தங்குவது பிராக்கிலேயே வினோஹ்ராடி என்ற குடியிருப்புப் பகுதியில். டிசம்பர் 20 வாக்கில் அங்கே தெருமுனைகளில் பெரிய நீலத் தொட்டிகள் வந்துவிடும். உள்ளே உயிரோடு கெண்டை மீன்கள். பெரும்பாலும் தென்பொஹீமியாவின் குளங்களில் வளர்ந்தவை. த்ரெபோன் ஊருக்குப் பக்கத்தில் 1590-ல் கட்டி முடித்த ரோஜ்ம்பெர்க் ஏரியில் இன்றும் மீன் வளர்க்கிறார்கள். ரப்பர் ஏப்ரன் கட்டியவர் வலையில் அள்ளி எடை போட்டு, வெட்டவா, உயிரோடு வேண்டுமா என்று கேட்பார். உயிரோடு வாங்கிப் போனால் அது குளியல் தொட்டியில் நீந்தும், பிள்ளைகள் பெயர் வைத்துவிடுவார்கள், அப்புறம் யார் வெட்டுவது? சிலர் ஆற்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். குளத்து மீன், பெரும்பாலும் பிழைக்காது.

அங்கே பண்டிகையே 24-ம் தேதி இரவுதான். அன்று மதியத்துக்கு மேல் பெரிய கடைகளைத் திறக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. 25, 26-ல் நாள் முழுக்கவே அப்படித்தான். உணவகங்களும் பல மூடியிருக்கும், சாப்பாட்டுக்கு முன்னாலேயே வழி பண்ணிவைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வீட்டுக்கார அம்மாவின் அழைப்பு இருந்தது. பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்தால் தங்கப் பன்றிக்குட்டி கண்ணில் தெரியும் என்று அவர் பேரனைப் பசியோடு உட்கார வைத்திருந்தார். நான் மட்டும் ரகசியமாக வெண்ணிலா பிஸ்கட்டுகளைத் தின்றுகொண்டிருந்தேன்.

முதலில் மீன் தலையும் சினையும் போட்ட சூப். அடுத்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கெண்டை, கூடவே மயோனைஸ் கலந்த உருளைக்கிழங்கு சாலட். சேற்று வாடை போக மீனைப் பாலில் ஊறவைத்திருந்தார்கள். இருந்தாலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. முள்ளோ சொல்லி மாளாது! நம் ஊர் மசாலா இரண்டு கரண்டி கிடைத்தால் தேவலை என்று மனசு சொன்னது, வாய் சொல்லவில்லை. தட்டுக்கு அடியில் ஒரு செதிலை வைத்திருந்தார்கள். அதைப் பணப்பையில் போட்டுவைத்தால் வருஷம் முழுக்கக் காசு தங்குமாம். பக்கத்து அறையில் மணி அடித்ததும் பேரன் ஓடினான். அங்கே பரிசு கொண்டுவருவது கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை, குழந்தை இயேசு. யார் கண்ணிலும் படமாட்டார்.

இரவு தேவாலயத்துக்குப் போனோம். யாகுப் யான் ரிபா என்ற பள்ளி ஆசிரியர் 1796-ல் எழுதிய கிறிஸ்துமஸ் திருப்பலி இசையை ஊரெங்கும் இந்த நாட்களில் பாடுகிறார்கள். லத்தீன் இல்லை, செக் மொழி. கிராமத்து மேய்ப்பன் ஒருவன் தூங்கும் எஜமானனைக் கூப்பிட்டு எழுப்புவதில்தான் ஆரம்பிக்கிறது. மொழி புரியாத எனக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது.

26-ம் தேதி ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். அன்று தேசிய நாடக அரங்குக்குப் பக்கத்தில் வல்தாவா ஆற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் நீச்சலுடையோடு இறங்குவார்கள். குளிர்நீர் நீச்சலை அங்கே பரப்பிய ஆல்ஃபிரட் நிகோதேம் நினைவாக நடக்கும் பந்தயம். எழுபது தாண்டியவர்களும் உண்டு. நான் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, குல்லாய் சகிதம் கரையில் நின்று கை தட்டினேன்.