எத்தனை உண்ணியில் கிருமி?

அமெரிக்காவின் வடகிழக்கில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகளைப் பிடித்துச் சோதிக்கும் வேலையில், எல்லோரும் கேட்பது "நூற்றுக்கு எத்தனையில் கிருமி?" என்றுதான். லைம் நோய்க் கிருமியான பொரேலியா பர்க்டோர்ஃபெரி என்ற பாக்டீரியாவுக்கு, இளம் உண்ணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, முதிர்ந்தவற்றில் பாதி என்று அங்கே கணக்குச் சொல்வதுண்டு. முட்டை பொரித்து வரும் ஆறுகால் குஞ்சில் அது அநேகமாக இராது. வெள்ளைக்கால் எலி போன்றவற்றின் இரத்தத்தைக் குடிக்கும்போதுதான் தொற்றுகிறது. இளம் உண்ணி ஒருமுறை குடித்தது, முதிர்ந்தது இருமுறை குடித்தது. பருவத்தைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்வது வீண்.

பிடிப்பதற்கு 1 சதுர மீட்டர் வெள்ளை ஃபிளானல் துணி போதும். கோலில் கட்டித் தரையோடு இழுத்து, 10 முதல் 20 மீட்டருக்கு ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்குமேல் போனால், ஏறிய உண்ணிகள் புல்லில் உரசி விழுந்துவிடும். இளம் உண்ணி கசகசா அளவுதான். பனி காயுமுன் இழுத்தால் துணி நனைந்துவிடும், உண்ணியும் ஏறாது. மானிலிருந்தோ எலியிலிருந்தோ பிடுங்கியதை இதோடு சேர்க்கவே கூடாது. அதன் வயிற்றில் இருப்பது விலங்கின் இரத்தம், அதில் கிடைக்கும் டிஎன்ஏ யாருடைய தொற்று என்று பிரிக்க முடியாது.

ஆய்வகத்தில் நடக்கும் பிழைகள்தான் அதிகம் உறுத்துகின்றன. ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாப் பேரினம் முழுவதற்குமான பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வைத்தால் பெரும்பாலான பெண் உண்ணிகள் பாசிட்டிவ் காட்டும். அது ரிக்கெட்சியா புக்னெரி, உண்ணியோடு கூடி வாழ்வது, மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியாதது. அனப்ளாஸ்மா என்ற இன்னொரு பாக்டீரியாவிலும் மானைச் சார்ந்த வகை ஒன்று உண்டு. அதைப் பிரிக்காமல் எண்ணினால் மனிதருக்கான ஆபத்து கூடுதலாகத் தெரியும்.

செலவைக் குறைக்க ஐந்து ஐந்தாகச் சேர்த்து அரைப்பது இன்னொரு சிக்கல். உண்மையில் 25% தொற்று இருந்தால் 500 உண்ணிகளை அரைத்த 100 குழாய்களில் சுமார் 76 பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் குழாய் ஒவ்வொன்றிலும் தொற்றுள்ள உண்ணி ஒன்றுதான் என்று வைத்து 500-ஆல் வகுத்தால் 15% என்று வரும். தொற்று குறைவான இடத்தில் மட்டுமே இந்தக் கணக்கு நெருங்கி வரும். எண்ணிக்கையும் முக்கியம். 20-இல் 5 என்றால் உண்மை 9 முதல் 49% வரை எங்கும் இருக்கலாம். 200-இல் 50 என்றால் அது 19 முதல் 32%.

அந்த இடத்தில் நடப்பவருக்கு வேண்டியது இன்னொன்று: 100 சதுர மீட்டரில் எத்தனை தொற்றுள்ள இளம் உண்ணிகள்? எட்டு கிடைத்து 25% தொற்று இருந்தால் இரண்டு. ஒன்றே கிடைத்து 40% இருந்தால் 0.4 மட்டுமே.