நீலவால் அரணைக்கு ஒரு பெயர்: ஓஹாகா நாட்குறிப்பு

ஜூலை 9, 2023

மெக்சிகோவின் ஓஹாகா நகருக்கு மேலே, பைனும் ஓக்கும் கலந்து வளர்ந்த மலைக்காட்டில், அனுமதி பெற்ற ஆய்வுக் குழுவினருடன் இன்று நடந்தேன். உளுத்துக் கிடந்த ஒரு மரத்துண்டைப் புரட்டியதும் அடியில் அரணை. எண்ணெய் தடவியதுபோல் மின்னும் பழுப்பு உடல். மூக்கருகே தொடங்கிக் கண்ணுக்கு மேலாகப் பின்னோக்கிச் சென்ற இரு வெளிர்க்கோடுகள். அவற்றின் கீழே கரும்பட்டை. வாலோ மயில் கழுத்தின் நீலம். இரண்டு படம் எடுப்பதற்குள் சருகுக்குள் மறைந்துவிட்டது. ஒரு படத்தில் முதுகின் நடுவிலும் கோடு தெரிந்ததால், ‘பிளெஸ்டியோடான் லிங்ஸே’ என்ற அரணை இனம் என்று குறித்து வைத்தேன்.

ஜூலை 10

நான் குறித்தது தவறு. விலங்கியலாளர் வீக்மன் 1834இல் விவரித்த லிங்ஸேக்கு நடுமுதுகில் வெளிர்க்கோடு உண்டு. அது தலையில் இரண்டாகக் கவைபடும். நேற்றைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நான் கோடு என்று நம்பியது வழவழப்பான செதில்களில் பட்டுத் தெறித்த ஃபிளாஷ் வெளிச்சம். அடுத்த படத்தில் அந்த இடம் வெறும் பழுப்பு. கோடுள்ள அரணையை ஒரே படத்தை வைத்து அடையாளம் காணக் கூடாது.

ஜூலை 12

இன்னொன்று அகப்பட்டது. வாலைத் தொட்டால் அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்பதால், குழுவினர் தோள்பகுதியை மெல்லப் பற்றிக்கொள்ள, நான் உருப்பெருக்கியின் வழியே உடலின் நடுவே செதில் வரிசைகளை எண்ணினேன். முதலில் 22, சந்தேகத்தில் மறுபடி எண்ண 23, மூன்றாம் முறை 22. நடுக்கோடு இல்லை. மூக்கு குட்டை. எனவே இது ‘பிளெஸ்டியோடான் ப்ரெவிரோஸ்ட்ரிஸ்’ என்ற இனமாக இருக்கலாம். ‘ப்ரெவிரோஸ்ட்ரிஸ்’ என்ற சொல்லின் பொருளே குறுமூக்கு என்பதுதான். இவ்வினம் முட்டையிடாமல் குட்டி போடும். ‘அரணை கடித்தால் மரணம்’ என்று நம் ஊரில் சொல்வது நினைவுக்கு வந்தது. அரணைக்கு நஞ்சே கிடையாது. எடுத்த இடத்திலேயே, அதே மரத்துண்டின் அடியில் விட்டோம்.

ஜூலை 15

இரண்டு நாளாக மழை, வகைப்பாட்டைப் படித்தேன். 1860இல் விலங்கியலாளர் குந்தர் ஓஹாகாவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு இவ்வினத்துக்கு யூமெசெஸ் ப்ரெவிரோஸ்ட்ரிஸ் என்று பெயரிட்டார். 1969இல் டிக்சன் என்ற ஆய்வாளர், மெக்சிகோவின் மலைத்தொடர்கள் எங்கும் பரவியிருந்த அதன் கூட்டங்களை ஐந்து கிளையினங்களாக வகுத்தார். பிறகு யூமெசெஸ் என்ற பேரினமே (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) ஒரே மரபுவழியில் வந்ததல்ல என்று தெரியவர, அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பாலான இனங்கள் பிளெஸ்டியோடான் என்ற பழைய பெயருக்குத் திரும்பின. 2011இல் ஃபெரியா-ஓர்டிஸும் உடன் ஆய்வாளர்களும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து, வடமேற்கின் பைலினியேட்டஸ், தமவுலிபாஸ் மாநிலத்தின் டைசியை, நடுமெக்சிகோவின் இண்டுபிடஸ் ஆகியவற்றைத் தனி இனங்களாக உயர்த்தினார்கள். இதே குழுவில் 2012இல் நியெட்டோய், 2017இல் லோட்டஸ், 2021இல் லாங்கியார்டஸ் என்று புதியவையும் வந்து சேர்ந்தன. ஒன்றுக்கொன்று இத்தனை நெருங்கிய உருவம் உள்ளவற்றைப் பிரிக்கும்போது, எந்த மலையில் பிடித்தது என்பதும் செதில் எண்ணிக்கைக்குச் சமமான சான்று என்றே நான் கருதுகிறேன்.

ஜூலை 16

பதிவேட்டில் 12ஆம் தேதி அரணைக்கு, இடம், உயரம், செதில் எண்ணிக்கையோடு ‘பிளெஸ்டியோடான் ப்ரெவிரோஸ்ட்ரிஸ்’ என்று எழுதினேன். 9ஆம் தேதி கண்டதற்கு லிங்ஸேயை அடித்துவிட்டு, பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.