பி.டி. பீரியடில் பிள்ளைகள் உண்மையில் எத்தனை நிமிடம் ஓடுகிறார்கள்?

இந்தியாவில் 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 74 பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவைச் சேர்த்து 2016-ம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கு இது. உலக சராசரி 81. நம்மைவிட நிலைமை மேலாக இருந்த நாடுகளில் பங்களாதேஷ் ஒன்று, அங்கே 66. உலகம் முழுக்கப் பார்த்தால் பையன்களில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பள்ளியில் கேள்வித்தாள் கொடுத்து, ‘கடந்த 7 நாளில் எத்தனை நாள் குறைந்தது 60 நிமிடம் உடம்பை அசைத்தாய்?’ என்கிற மாதிரி கேட்டு வாங்கிய விடைகள்தான் அடிப்படை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு நான்கு நடை போய்வரும் பிள்ளைக்கு அதெல்லாம் விளையாட்டுக் கணக்கில் சேரும் என்றே தோன்றாது. ‘போதிய’ உழைப்புக்கு அந்த நிறுவனம் வைத்திருந்த தினமும் 60 நிமிடம் என்ற பழைய விதி 2020-ல் வாரம் முழுவதற்கும் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் என்று மாறியும் விட்டது. கேள்வித்தாளை விட்டு இடுப்பில் கட்டும் அசைவுமானிக்குப் போனால் அதற்கும் ஒரு குறை உண்டு. சைக்கிள் மிதிக்கும்போது இடுப்பு அவ்வளவாக ஆடாது; அந்த உழைப்பு பாதிகூடப் பதிவாகாது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கும் தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

நாட்டுக் கணக்கு எப்படியோ இருக்கட்டும். ஒரு பள்ளி தன் பிள்ளைகளைத் தானே எண்ணிப் பார்க்க முடியும். ஒரு போன், ஒரு தாள், ஒரு பேனா போதும்.

பி.டி. பீரியடில் பிள்ளைகளின் அசைவைக் கண்ணால் பார்த்துக் குறிக்கும் இந்த முறையின் பெயர் சோஃபிட் (SOFIT). 1991-ல் அமெரிக்காவில் உருவானது. வருகைப் பதிவேட்டில் ஏதாவது ஒரு எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு ஏழாவது பெயராக நான்கு பிள்ளைகளை எடுங்கள். நன்றாக ஓடுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கினால் கணக்கே பொய்யாகிவிடும். முதல் பிள்ளையை 10 விநாடி பாருங்கள், அடுத்த 10 விநாடியில் குறித்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தால் 1, உட்கார்ந்திருந்தால் 2, நின்றால் 3, நடந்தால் 4, நடையைவிட அதிக உழைப்பு என்றால் 5. கயிறு தாண்டுவதும் தண்டால் எடுப்பதும் 5-தான். இப்படி 4 நிமிடம் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 12 பதிவு. பிறகு அடுத்த பிள்ளை. நால்வருக்கும் சேர்த்து 16 நிமிடம், 48 பதிவு. 40 நிமிட பீரியடில் இரண்டு சுற்று தாராளமாக முடியும். 4-ம் 5-ம் மொத்தம் எத்தனை தடவை வந்தன என்று எண்ணி, 96-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அசைவில் இருந்த நேரத்தின் சதவீதம் கிடைத்துவிடும். 10 விநாடிக்கொரு முறை ‘பீப்’ அடிக்கும்படி போனில் பதிவு செய்துகொண்டால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதல் தடவை இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள். தகராறு வருவது பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில்தான்: நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தால் அது 3.

பீரியடில் பாதி நேரமாவது 4, 5-ல் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் புழங்கும் அளவுகோல். அதைத் தொடாமல் போவதற்குப் பிள்ளைகளின் சோம்பல் காரணமில்லை. வகுப்பிலிருந்து கிரவுண்டுக்கு வரிசையாக வருவது, வருகை எடுப்பது, பந்து எடுக்க ஆள் அனுப்புவது, கடைசியில் கை கால் கழுவி வரிசையில் திரும்புவது என்று 15 நிமிடம் போய்விடுகிறது. மிச்சத்தில் 40 பேருக்கு ஒரு பந்து.

கோ-கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அருமையான விளையாட்டு, வேகம், வளைவு, மூச்சு எல்லாவற்றையும் கேட்கும். ஆனால் துரத்தும் அணியில் 9 பேரில் 8 பேர் கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர்தான் ஓடுவார். எதிரணியில் ஒரு தடவைக்கு 3 பேர் உள்ளே. ஆக 18 பேரில் ஓடுவது 4 பேர். மற்ற பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள். போட்டிக்கு அது சரி, பீரியடுக்குச் சரியில்லை. சுண்ணாம்புத் தூளால் சின்னச் சின்னதாக நான்கு களம் போட்டு, உட்காருகிறவர்கள் 4 பேர், துரத்துகிறவர் ஒருவர், ஓடுகிறவர்கள் 3 பேர் என்று வைத்து, 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் அதே கிரவுண்டில் ஒரே நேரத்தில் 16 பேர் ஓடுவார்கள். கபடிக்கும் இதே வழிதான். ‘அவுட்’ ஆனவர் வெளியே உட்காரும் எந்த விளையாட்டும் பீரியடுக்கு ஆகாது. முதலில் வெளியேறுவது எப்போதும் அதிக அசைவு தேவைப்படுகிற பிள்ளைதான். அவுட் ஆனவர் கிரவுண்டை ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று விதியை மாற்றுங்கள்.

பந்து வாங்கப் பணமில்லாத பள்ளிக்குக் கயிறு போதும். 8 மி.மீ. நைலான் கயிற்றை மொத்தமாக வாங்கி, பத்து வயதுக்காரர்களுக்கு 7 அடி, உயரமானவர்களுக்கு 8 அடி என்று வெட்டி, நுனியைத் தீயில் உருக்கி முடிச்சுப் போட்டுவிடுங்கள். கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் இரண்டு நுனியும் அக்குள் வரை வர வேண்டும்; நீளம் கூடினால் காலில் சிக்கும், பிள்ளை இரண்டே நாளில் விட்டுவிடும். 30 விநாடி தாண்டல், 30 விநாடி ஓய்வு, பத்து முறை.

ஆசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. குறுவட்டப் போட்டி நெருங்கினால் பி.டி. மாஸ்டரின் முழு நேரமும் அணியில் இருக்கும் பதினைந்து பிள்ளைகளுக்கே போகும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு என்றால் கணக்கு டீச்சர் பீரியடைக் கடன் கேட்பார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. சி.பி.எஸ்.இ. 2018-ல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் கட்டாயம் என்றது. கால அட்டவணையில் அது இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அந்த நேரத்தில் கிரவுண்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்வது பெரும் அநீதி. வயதுக்கு வந்த பிறகு அவர்கள் மரத்தடிக்கு ஒதுங்குவதை ‘கூச்சம்’ என்று எழுதிவைத்துவிடுகிறோம். தண்ணீர் வரும் கழிப்பறை, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட ஏற்ற டிராக் பேண்ட், பையன்களின் கிரிக்கெட் ஆக்கிரமிக்காத கிரவுண்டில் பாதி: இந்த மூன்றையும் கொடுத்துவிட்டுப் பிறகு கூச்சத்தைப் பற்றிப் பேசலாம். கிரவுண்டை இரண்டாகப் பிரித்துக் கோடு போட ஒரு பை சுண்ணாம்புத் தூள்தான் செலவு. கிரவுண்டே இல்லாத இடத்துக்கும் வழியிருக்கிறது. மெட்ராஸ் டயாபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் வளரிளம் பெண்களுக்காக உருவாக்கிய ‘தாண்டவ்’ பத்தே நிமிட வேக நடனம். வகுப்பறையில் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டே ஆடலாம்.

மாற்றம் செய்து ஒரு மாதம் கழித்து அதே வகுப்பை அதே முறையில் மறுபடி எண்ணுங்கள். பெண்களுக்கும் பையன்களுக்கும் தனித்தனியாகக் கூட்டுங்கள். சேர்த்துக் கூட்டினால் பையன்களின் 5-கள் பெண்களின் 3-களை மறைத்துவிடும். 3 குறையவில்லை என்றால் இன்னும் எங்கோ வரிசை நிற்கிறது. 2 குறையவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள், திட்டாமல்.