மூன்று வால்வு, ஒரு பேட்டரி

ஹைட்ரஜன் காரின் ஒவ்வொரு டேங்க்கின் வாயிலும் மின்காந்தத்தால் திறக்கும் ஓர் அடைப்பு வால்வு உண்டு, நாங்கள் செய்வது அதைத்தான். டிசைன் ரிவ்யூ பட்டியலில் ‘தாங்கு கரண்ட் (திறந்த வால்வைத் திறந்தபடியே பிடித்து வைக்கும் கரண்ட்) குறைந்தால்’ என்ற வரிக்கு எதிரே நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘வால்வு மூடிக்கொள்ளும். பாதுகாப்பான நிலை.’ சோதனைக்கூடத்து மூத்தவர் அதைப் படித்தார். “ஓடிக்கிட்டிருக்கும்போது மூடிக்கிட்டா?” என்று கேட்டார். “மூணு டேங்க் இருக்கு சார். ஒண்ணு மூடினாலும் ரெண்டு ஓடும்” என்றேன். “மூணுக்கும் ஒரே பேட்டரிதானே தம்பி?” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

‘ரெண்டு ஓடும்’ என்ற என் பதிலில் கணக்குத் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் இன்னும் அதை விட முடியவில்லை.

700 பார் டேங்க்கில் நிரப்பும்போது அழுத்தம் 875 பார் வரை ஏறலாம். 4 மி.மீ. துளையை நேரடியாக மூடி வைத்தால் அதன்மேல் சுமார் 1,100 நியூட்டன் உட்காரும். உள்ளங்கைக்குள் அடங்கும் காயில் (மின்காந்தச் சுருள்) அதைத் தூக்காது. ஆகவே முதலில் 0.5 மி.மீ. பைலட் (முன்னோடி) துளையைத் திறக்கிறோம், அதற்கு 17 நியூட்டன் போதும். வாயு கசிந்து இரு பக்கமும் அழுத்தம் சமமானதும் காயில் இழுக்கும் அதே பிளஞ்சர் (இரும்புத் தண்டு) பெரிய சீட்டை, அதாவது 4 மி.மீ. துளையின் அடைப்பை, தூக்குகிறது. ஸ்பிரிங்கின் 8 நியூட்டனையும் சேர்த்தால் திறக்கத் தேவை 25.

எங்கள் காயில் 12 வோல்ட், 4 ஓம், 570 சுற்று, 10 மி.மீ. பிளஞ்சர். அறை வெப்பத்தில் 3 ஆம்பியர் ஓடும், கால் நொடிக்கு 36 வாட். 1 மி.மீ. இடைவெளியில் இழுவிசை கணக்குப்படி 74 நியூட்டன், இரும்பு காந்தத்தில் நிறைந்துபோவதால் நிஜத்தில் அதற்கும் கீழே. 25-க்கு 74 என்றால் தாராளம் என்று தோன்றும். 85 டிகிரியில் செம்பின் தடை கால் பங்கு கூடுகிறது. பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினால் கரண்ட் 1.8 ஆம்பியர்தான். விசை கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே 74 அங்கே 26 ஆகிவிடுகிறது. மிச்சம் ஒரே ஒரு நியூட்டன்.

அந்த ஒன்றும் நிலைக்காது. பைலட் சீட் பீக் (PEEK) என்ற கெட்டிப் பிளாஸ்டிக். பல்லாயிரம் முறை மூடித் திறந்தபின் அதில் தடம் விழுந்து, அடைக்கும் வட்டம் 0.5-லிருந்து 0.6 மி.மீ.க்கு விரிந்தால் 17 நியூட்டன் 25 ஆகும், மொத்தத் தேவை 33. ஐ.நா.வின் 13-ஆம் எண் உலகத் தொழில்நுட்ப விதி அடைப்பு வால்வுக்கு 50,000 சுழற்சி கேட்பது சும்மா இல்லை. சீட்டின் விளிம்பை எப்படிக் கடைகிறோம் என்பதில் கவனம் வைக்காமல் காயிலைப் பெரிதாக்கிக்கொண்டே போவது பலன் தராது.

திறந்தபின் கதை வேறு. இடைவெளி சுருங்கிவிடுவதால் 0.42 ஆம்பியர் போதும், 0.7 வாட். பிளஞ்சருக்கும் மேல் துருவத்துக்கும் நடுவே காந்தம் பிடிக்காத 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) இருக்கிறது. பிளஞ்சரைச் சுற்றி அழுத்தம் தாங்கும் 316எல் துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் சுவர் 3 மி.மீ. அந்தச் சுவரும் காந்தத்துக்கு ஒரு இடைவெளிதான், எங்கள் அளவுகளில் 0.29 மி.மீ.க்குச் சமம். இரண்டையும் கணக்கில் எடுத்தால் தாங்குவிசை 18.6 நியூட்டன். எதிரே, திறந்த நிலையில் இன்னும் அமுங்கிய ஸ்பிரிங் 10. பிளஞ்சர் 18 கிராம் என்பதால் 20 ஜி (புவியீர்ப்பின் 20 மடங்கு) அதிர்வில் இன்னும் 3.5. ஆக 13.5-க்கு 18.6. (காயிலையே டேங்க்குக்குள் வைத்தால் குழாய் மெலியும், மின்சாரமும் மிச்சமாகும். ஆனால் காயிலை மூடிய பிசினில் ஹைட்ரஜன் ஊறி, டேங்க் சட்டென்று காலியாகும்போது கொப்புளம் விடும். கம்பி வெளியே வரும் இடத்துக்கும் அந்த அழுத்தத்துக்குத் தாங்கும் அடைப்பு வேண்டும். அதனால் வெளியே வைத்தோம்.)

பிழை இருந்த இடம் டிரைவர் சர்க்யூட். கரண்டை அளக்காமல், நிலையான 14 சதவீத டியூட்டியில் (நேரத்தில் 14 சதவீதம் மட்டும் மின்சாரம் கொடுத்து) தாங்க வைத்திருந்தோம். அதனால் மிச்சமானது ஒரு மின்தடையும் ஒரு ஒப்பீட்டுச் சுற்றும். 12 வோல்ட், 20 டிகிரியில் அது சரியாக 0.42 கொடுக்கும். 9 வோல்ட், 85 டிகிரியில் 0.25-தான் கொடுக்கும். தாங்குவிசை 18.6-லிருந்து 6.6-க்கு இறங்கிவிடும். ஸ்பிரிங் 10. பள்ளம் மேடு எதுவும் தேவையில்லை, பிளஞ்சர் தானாக விழும். மைனஸ் 40-இல் நேர்மாறு. கரண்ட் தேவைக்கு மேல் ஓடும், மூடச் சொன்னால் தாமதமாக மூடும்.

நான் சொன்னது பொய்யில்லை. டொயோட்டா மிராயின் இரண்டாம் தலைமுறையிலும் 3 டேங்க்தான், டேங்க்குக்கு ஒரு வால்வு. ஒன்றில் கம்பி அறுந்தால் மற்ற இரண்டும் ஓட்டும். ஆனால் வோல்ட்டேஜ் சரிவு ஒரு வால்வைத் தேடி வருவதில்லை. ஒரே பேட்டரி, ஒரே டிரைவர் பலகை, ஒரே வெயில். மூன்றும் ஒரே நொடியில் விழும்.

மூன்றும் விழுந்தபின் எவ்வளவு நேரம்? வால்வுக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே குழாயின் உள்ளளவு 50 மி.லி. என்று வையுங்கள். 700 பாரில் ஹைட்ரஜன் லிட்டருக்கு 40 கிராம், ஆகவே குழாயில் 2 கிராம். 100 கிலோவாட் கொடுக்கும் எரிபொருள் மின்கலம் நொடிக்கு 1.7 கிராம் அளவுக்கு உறிஞ்சும். ஒரு நொடி, சற்றே கூட. லாரியை முந்திக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு நொடி எப்படிப்பட்டது என்பதை என் பட்டியலில் எந்தக் கட்டமும் கேட்கவில்லை. ‘பாதுகாப்பான நிலை’ என்று நான் எழுதியது டேங்க்கை நினைத்து, வண்டிக்குள் இருப்பவர்களை நினைத்தல்ல.

மீண்டும் உடனே இழுத்துவிடலாமே என்று அன்று மாலையே கணக்குப் போட்டேன். கரண்டின் வரைகோட்டில் பிளஞ்சர் அசையும்போது சிறு மடிப்பு விழும். அதைப் பிடித்து மறுபடி 12 வோல்ட்டையும் முழுதாகக் கொடுப்பது. குழாயில் அழுத்தம் இறங்குவதற்குள் கொடுத்தால் எளிது, இரு பக்கமும் இன்னும் சமம். தாமதித்தால் பைலட் வழியே மறுபடி நிரப்ப வேண்டும். 700 பாரில் 0.5 மி.மீ. துளை மின்கலம் உறிஞ்சுவதைவிட மிக அதிகமாகவே விடும், கவலையில்லை. டேங்க் 40 பாருக்கு இறங்கியிருந்தால் மூன்று பைலட்டும் சேர்ந்து நொடிக்கு 1.5 கிராம்தான் விடும். மின்கலம் 1.7 உறிஞ்சிக்கொண்டிருந்தால் அழுத்தம் சமமாகவே ஆகாது, பெரிய சீட் எழும் என்ற உறுதியில்லை. வண்டியின் மென்பொருள் சுமையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். வால்வு செய்பவர்கள் அதை எழுதிக் கொடுக்காவிட்டால் மென்பொருள்காரர்களுக்குத் தெரிய வழியில்லை.

ஷிம்மை 0.05 ஆக்கி 24 நியூட்டன் வாங்கலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. நான் மறுத்தேன், இன்றும் மறுப்பேன். டேங்க் காலியாகும் நேரத்தில் மூடுவதற்கு வாயுவின் துணை அநேகமாக இருக்காது, ஸ்பிரிங் ஒன்றுதான். மெல்லிய ஷிம் தேய்ந்து இரும்போடு இரும்பு ஒட்டினால், மிச்சக் காந்தம் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் மூடாத வால்வு வால்வே இல்லை. நிரந்தரக் காந்தம் வைத்த வகையையும் இதே காரணத்துக்காகத்தான் தொடவில்லை.

டியூட்டியை எடுத்துவிட்டு கரண்டை அளந்து கட்டுப்படுத்தும் சுற்றுக்கு மாறினோம். 9 வோல்ட்டிலும் 0.42 சிரமமில்லாமல் கிடைக்கிறது, அந்த ஓட்டை அடைபட்டது. ஆனால் மூத்தவர் கேட்டது அந்த ஓட்டையைப் பற்றி மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். வோல்ட்டேஜ் சில மில்லிசெகண்டுக்கு அடியோடு போனால்? காயிலுக்குக் குறுக்கே சாதாரண டையோடு இருந்தால் கரண்ட் மெல்ல இறங்கும், பிளஞ்சர் சில மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும், 85 டிகிரியில் இன்னும் குறைவு. அதே டையோடு மோதலின்போது மூடுவதையும் அவ்வளவு தாமதப்படுத்தும். கரண்டை வேகமாக இறக்கும் ஸீனர் டையோடு வைத்தால் ஒரு மில்லிசெகண்டுக்குள் விட்டுவிடும். மோதலுக்கு நல்லது, கணநேரச் சரிவுக்கு ஆகாது. மோதல் நேரத்தில் அந்தச் சில மில்லிசெகண்ட் பெரிதல்ல என்று சாதாரண டையோடையே வைத்தேன். பெரிதல்லதான். ஆனால் அதைச் சொல்லும்போது ‘ரெண்டு ஓடும்’ என்று சொன்ன அதே குரல் எனக்கே கேட்கிறது.

பட்டியலில் ‘பாதுகாப்பான நிலை’ என்பதை அடித்துவிட்டு, ‘வாயு நிற்கும், வண்டியும் நிற்கும்’ என்று எழுதினேன். தீவிரத்துக்குப் பத்துக்கு என்ன எண் போடுவது என்று அவரிடமே கேட்டேன். “நீங்க போடுங்க தம்பி, நான் டெஸ்ட் பண்ணித் தர்றேன்” என்றார். 8 போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை அந்தத் தாளைத் திறக்கும்போதும் 9-ஆக மாற்றப் பார்க்கிறேன்.